டிரைவிங் சிமுலேட்டரில் குமட்டல் வருவது ஏன்? 5 ஆண்டு கப்பலில் தவித்த டார்வினின் கதை

டிரைவிங் சிமுலேட்டரில் உட்கார்ந்திருக்கிறீர்கள். கையில் ஸ்டீயரிங், முன்னால் பெரிய திரை. இருக்கை ஒரு இன்ச்கூட நகரவில்லை. ஆனால், திரையில் இரண்டு வளைவு திரும்பியதுமே நெற்றியில் வியர்க்கிறது, வாயில் எச்சில் ஊறுகிறது, வயிற்றைப் பிரட்டுகிறது. பக்கத்தில் நிற்பவர் எல்லாம் மனசுதான், பயப்படாம ஓட்டு என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்.

உண்மையிலேயே இது மனசா, உடம்பா? இந்தக் கேள்வியோடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டிய ஒருவர் இருக்கிறார். சிமுலேட்டர் என்ற ஒன்றை அவர் பார்த்ததே இல்லை. கார்கூட ஓட்டியதில்லை. பரிணாமக் கொள்கையால் உலகம் அறிந்த சார்லஸ் டார்வின்தான் அவர். அவருடைய வயிற்றின் கதையைப் படித்தால், சிமுலேட்டரில் நமக்கு என்ன நடக்கிறது என்பது பாதி புரிந்துவிடும்.

ஆபரேஷன் அறையிலிருந்து ஓடிய மாணவர்

1809 பிப்ரவரி 12-ம் தேதி இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரியில் டார்வின் பிறந்தார். அப்பா ராபர்ட் டார்வின் பெரிய மருத்துவர். தாத்தா எராஸ்மஸ் டார்வினும் மருத்துவர்தான். பேரன் பிறப்பதற்கு முன்பே இறந்துவிட்ட அந்தத் தாத்தா, சூனோமியா என்ற தன்னுடைய மருத்துவ நூலில் தலைசுற்றலுக்கு என்றே தனியாக ஒரு பகுதி எழுதியிருக்கிறார். தலைசுற்றலை ஆராய்ந்த குடும்பத்தில் வந்த பேரன், பிற்பாடு அந்தத் தலைசுற்றலிலேயே மாட்டிக்கொண்டார்.

8 வயதில் அம்மா சூசன்னா இறந்துவிட்டார். 1825-ல், தன்னைப்போல மகனும் டாக்டராகட்டும் என்று அப்பா எடின்பரோவுக்கு அனுப்பினார். அங்கே டார்வின் இரண்டு அறுவை சிகிச்சைகளைப் பார்க்க நேர்ந்தது. அதில் ஒன்று ஒரு குழந்தைக்கு. மயக்க மருந்து வராத காலம். இரண்டு முறையும் ஆபரேஷன் முடியும்வரை அவரால் நிற்க முடியவில்லை, பாதியிலேயே வெளியே ஓடிவிட்டார். அந்தக் காட்சி பல ஆண்டுகள் அவரைத் துரத்தியது.

இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணால் பார்த்த ஒன்று உடம்பை அப்படியே ஆட்டிவைப்பது அவருக்குப் புதிதல்ல. மருத்துவப் படிப்பு அத்தோடு முடிந்தது. பாதிரியார் ஆகட்டும் என்று கேம்பிரிட்ஜுக்கு அனுப்பினார்கள். அவரோ வண்டு பிடிப்பதில் மும்முரமாக இருந்தார்.

கப்பல் கிளம்பும் முன்பே படபடப்பு

1831 ஆகஸ்ட் மாதக் கடைசியில் ஒரு கடிதம் வந்தது. பீகிள் என்ற கடற்படைக் கப்பல் தென் அமெரிக்கக் கடற்கரையை அளக்கப் போகிறது, கேப்டன் ஃபிட்ஸ்ராய்க்குத் துணையாக இயற்கை ஆர்வலர் ஒருவர் வேண்டும் என்றது அந்தக் கடிதம். அப்பா கூடாது என்றார். தாய்மாமா ஜோசையா வெட்ஜ்வுட்தான் பேசிச் சம்மதிக்க வைத்தார். கேப்டனுக்கும் ஒரு தயக்கம். முகவெட்டை வைத்தே குணத்தைச் சொல்லிவிடலாம் என்று நம்பியவர் அவர். டார்வினின் மூக்கைப் பார்த்து, இந்த ஆள் இவ்வளவு பெரிய பயணத்தைத் தாங்குவாரா என்று சந்தேகப்பட்டார். ஒருவழியாக அந்தத் தடையும் நீங்கியது.

ஆனால், கப்பல் கிளம்பவில்லை. பிளிமத் துறைமுகத்தில் இரண்டு மாதம் காத்திருந்த டார்வினுக்கு நெஞ்சு படபடத்தது, இதயப் பகுதியில் வலி வந்தது. தனக்கு இதய நோய் என்றே முடிவு செய்துவிட்டார். ஆனாலும் டாக்டரிடம் போகவில்லை. போனால் பயணம் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களே என்ற பயம். என்ன ஆனாலும் போயே தீருவது என்று வாயை மூடிக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 22.

டிசம்பர் 10-ல் கிளம்பினார்கள். புயல் காற்று கப்பலைத் திருப்பி அனுப்பியது. அந்தச் சின்ன ஓட்டத்திலேயே டார்வினுக்கு வாந்தி. 21-ம் தேதி மறுபடி கிளம்பி, மறுபடி திரும்பினார்கள். ஆக, 27-ம் தேதி பீகிள் நிஜமாகவே புறப்பட்டபோது, கடல் தன்னை என்ன செய்யும் என்று அவருடைய உடம்புக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது.

ஊஞ்சல் படுக்கையும் உலர் திராட்சையும்

பீகிள் சின்னக் கப்பல். நீளம் 90 அடிதான், அதாவது சுமார் 27 மீட்டர். அந்த வகைக் கப்பல்களுக்கு மாலுமிகள் வைத்திருந்த பட்டப்பெயர் சவப்பெட்டி. டார்வினுக்குக் கிடைத்த இடம் பின்பக்கம் இருந்த அறை. ஏறக்குறைய 10 அடிக்கு 11 அடி. அதிலேயே வரைபட மேசை, அதிலேயே புத்தகங்கள், அதிலேயே பாய்மரத்தின் அடிப்பகுதி. மேசைக்கு மேலே அவருடைய ஊஞ்சல் படுக்கை. கால் நீட்ட வேண்டுமென்றால் அலமாரியின் ஒரு இழுப்பறையைக் கழற்றி வைக்க வேண்டும். கப்பல் முன்னும் பின்னும் ஆடும்போது நடுப்பகுதியைவிட முனைகள்தான் அதிகம் ஏறி இறங்கும். குமட்டல் வரும் ஆளைப் படுக்கவைக்க அதைவிட மோசமான இடம் கிடைத்திருக்காது.

பிஸ்கே விரிகுடாவில் தொடங்கியது. எதைச் சாப்பிட்டாலும் நிற்கவில்லை. பிஸ்கட்டும், அப்பா சொல்லி அனுப்பிய உலர் திராட்சையும் மட்டும்தான் வயிற்றில் தங்கின. நாம் பஸ்ஸில் எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொள்வதுபோல, அவருக்கு உலர் திராட்சை. மடீரா தீவு கண்ணெதிரே வந்தபோது எழுந்து பார்க்கக்கூடத் தெம்பில்லை. கல்லூரி நாளிலிருந்து கனவு கண்ட டெனெரீஃப் தீவிலும் இறங்க முடியவில்லை. இங்கிலாந்தில் காலரா பரவியிருந்ததால் 12 நாள் தனிமையில் இருக்க வேண்டும் என்று அங்கிருந்த அதிகாரிகள் சொல்ல, கேப்டன் கப்பலைத் திருப்பிவிட்டார்.

பழகிவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பழகவில்லை. ஒரே மேசையில் அவரோடு வேலை பார்த்த அதிகாரி ஸ்டோக்ஸ், பிற்காலத்தில் இதை நினைவுகூர்ந்திருக்கிறார். டார்வின் கொஞ்ச நேரம் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார், பிறகு முடியவில்லை என்று மேசை ஓரத்தில் படுத்துக்கொள்வார், கொஞ்சம் தெளிந்ததும் எழுந்து விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். இப்படியே கிட்டத்தட்ட 5 ஆண்டுகள். ஊர் திரும்பியபின் எழுதிய பயண நூலின் முடிவில், கடல் பயணம் போக நினைப்பவர்களுக்கு அவர் ஒரு எச்சரிக்கையும் விட்டார். இது ஒரு வாரத்தில் சரியாகிவிடும் சின்னத் தொல்லை இல்லை, முடிவெடுக்கும் முன் நன்றாக யோசித்துக்கொள்ளுங்கள் என்பதுதான் அதன் சாரம்.

கண்ணுக்கும் காதுக்கும் என்ன சண்டை?

இங்கே கொஞ்சம் அறிவியல். நம் உட்காதில் மூன்று அரைவட்டக் குழாய்களும், அவற்றோடு சேர்ந்த இரண்டு சின்னப் பைகளும் இருக்கின்றன. தலை திரும்புவது, சாய்வது, ஏறி இறங்குவது எல்லாவற்றையும் மூளைக்குச் சொல்வது இவைதான். கண்ணும் அதே தகவலைத் தனியாக அனுப்பும். இரண்டும் ஒத்துப்போனால் பிரச்சினை இல்லை.

டார்வினின் அறைக்குள் மேசை, சுவர், புத்தகம் எல்லாமே கப்பலோடு சேர்ந்து ஆடுவதால், எதுவும் அசையவில்லை என்று கண் சொல்லும். காதோ ஏறி இறங்குகிறோம் என்று சொல்லும். சிமுலேட்டரில் இது அப்படியே தலைகீழ். 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிறோம் என்று கண் சொல்கிறது, உட்கார்ந்த இடத்திலேயே இருக்கிறோம் என்று காது சொல்கிறது. இப்போது வந்த தகவல்களும், பழைய அனுபவத்தை வைத்து மூளை எதிர்பார்த்ததும் பொருந்தாதபோது குமட்டல் வருகிறது என்பதுதான் இன்றுவரை அதிகம் ஏற்கப்படும் விளக்கம்.

இந்த எதிர்பார்ப்பு என்ற வார்த்தை முக்கியம். சிமுலேட்டர் குமட்டல் பற்றிய முதல் அறிக்கை 1957-ல் அமெரிக்காவில் ஹெலிகாப்டர் பயிற்சிக் கருவி ஒன்றைப் பற்றி வந்தது. அந்தக் கருவியில் புதிதாகக் கற்கும் மாணவர்களைவிட, நிஜ ஹெலிகாப்டரை ஓட்டிப் பழகிய பயிற்றுநர்கள்தான் அதிகம் அவதிப்பட்டார்கள். காரணம், நிஜத்தில் எப்படி ஆடும் என்று அவர்கள் உடம்புக்குத் தெரியும், திரையில் அந்த ஆட்டம் இல்லை. டிரைவிங் சிமுலேட்டரில் பல வருடம் கார் ஓட்டியவருக்குத் தலை சுற்றினால், அது அவருடைய திறமைக் குறைவு அல்ல.

குதிரையில் ஏறினால் நல்லா இருந்தார்

பீகிள் பயணம் 4 ஆண்டு 9 மாதம். அதில் டார்வின் கடலில் இருந்தது சுமார் 18 மாதம்தான். மீதி நாளெல்லாம் கரையில். 1833-ல் அர்ஜென்டினாவின் புல்வெளிகளில் கவ்ச்சோ எனப்படும் மாட்டுக்காரர்களோடு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் குதிரையில் போனார். திறந்தவெளியில் தூங்கினார், அவர்கள் தின்றதைத் தின்றார். கப்பலில் சுருண்டு கிடந்த அதே ஆள்தானா இவர் என்று கேட்கும் அளவுக்குத் தெம்பாக இருந்தார்.

குதிரையும் ஆடத்தானே செய்கிறது? அதற்கு இரண்டு பதில்கள் உண்டு. ஒன்று, சுமார் 5 விநாடிக்கு ஒருமுறை வரும் மெதுவான ஆட்டம்தான் குமட்டலை அதிகம் கிளப்பும். குதிரையின் குலுக்கல் அதைவிட வேகமானது. இரண்டாவது, கடிவாளம் அவர் கையில் இருந்தது. மலைப்பாதையில் பஸ்ஸில் இருப்பவர்கள் ஜன்னல் ஓரம் தவிக்க, டிரைவர் மட்டும் ஜாலியாகப் பாட்டுக் கேட்டுக்கொண்டு ஓட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். 1991-ல் ரோல்னிக், லுபோ என்ற இரு ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். இரண்டிரண்டு பேராக உட்காரவைத்துச் சுழற்றினார்கள். இருவருக்கும் ஒரே அசைவு, ஆனால் கட்டுப்பாடு ஒருவர் கையில் மட்டும். கட்டுப்படுத்தியவருக்குத் தொல்லை குறைவாகவே வந்தது. அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருப்பது மூளைக்குப் பெரிய ஆறுதல்.

1835 மார்ச்சில் ஆண்டிஸ் மலையின் போர்ட்டில்லோ கணவாயை டார்வின் கடந்தார். உயரத்தில் காற்று குறைவதால் வரும் மூச்சுத்திணறலை அங்கே பூனா என்பார்கள். டார்வினுக்கும் தலையிலும் மார்பிலும் இறுக்கம். ஆனால், மலை உச்சியில் கடல் சிப்பிப் புதைபடிவங்கள் கிடைத்ததும், அந்த மகிழ்ச்சியில் பூனாவை மறந்தே போனார். பூனாவுக்கு வெங்காயம் நல்லது என்று உள்ளூர்க்காரர்கள் சொன்னார்கள். தனக்குச் சிப்பிதான் நல்ல மருந்தாக இருந்தது என்று அவர் வேடிக்கையாக எழுதினார். அந்த இறுக்கத்தில் கொஞ்சம் கற்பனையும் கலந்திருந்தது என்று நேர்மையாக ஒப்புக்கொள்ளவும் செய்தார். கவனம் வேறு பக்கம் திரும்பினால் அவதி குறைகிறது என்பதை இன்றைய சோதனைகளும் காட்டுகின்றன. 2015-ல் நெதர்லாந்து ஆய்வாளர் யெல்டே போஸ், அசைவின்போது மனதுக்கு வேறு வேலை கொடுத்தால் குமட்டல் குறைவதைப் பதிவுசெய்தார்.

கரைக்கு வந்தும் விடவில்லை

1836 அக்டோபர் 2-ம் தேதி பீகிள் ஃபால்மத் துறைமுகத்தை அடைந்தது. அதன்பிறகு டார்வின் பிரிட்டனை விட்டு வெளியே போகவே இல்லை. 1839-ல் தாய்மாமன் மகள் எம்மாவைத் திருமணம் செய்தார். 1842-ல் லண்டனை விட்டு டவுன் என்ற கிராமத்தில் குடியேறினார்.

ஆனால், தரை ஆடாத வீட்டிலும் வாந்தி தொடர்ந்தது. நடுக்கம், படபடப்பு, தலைசுற்றல் எல்லாம் சேர்ந்துகொண்டன. விருந்தாளிகளோடு உற்சாகமாகப் பேசினால் போதும், அன்று இரவு நடுங்கி வாந்தி எடுப்பார். அதனால் யாரோடு எவ்வளவு நேரம் பேசலாம் என்பதற்குக்கூட வீட்டில் கணக்கு வைத்தார்கள். 1849-ல் மால்வெர்ன் என்ற ஊரில் டாக்டர் கல்லியின் குளிர்ந்த நீர் சிகிச்சைக்குப் போனார். கொஞ்சம் பலன் தெரிந்ததும், உடல்நிலையைத் தினமும் எழுதிவைக்கும் ஒரு டைரி தொடங்கினார். 1851-ல் அதே மால்வெர்னில், 10 வயது மகள் ஆனியை இழந்தார். அந்த அடியிலிருந்து அவர் முழுமையாக மீளவே இல்லை.

1859 நவம்பர் 24-ம் தேதி, உயிரினங்களின் தோற்றம் பற்றிய அவருடைய நூல் வெளியானபோதும் அவர் லண்டனில் இல்லை. இல்க்லி என்ற ஊரில் நீர் சிகிச்சையில் இருந்தார்.

1865-ல் நடந்தது இன்னும் விசித்திரம். ஜான் சாப்மேன் என்ற மருத்துவர், முந்தைய ஆண்டுதான் கடல் குமட்டலுக்குச் சிகிச்சை சொல்லி நூல் எழுதியிருந்தார். முதுகுத்தண்டில் ஐஸ் பை வைப்பதுதான் அவருடைய வழி. கப்பலை விட்டு இறங்கி 29 ஆண்டு ஆன டார்வின், சொந்த வீட்டில் முதுகில் ஐஸ் பையோடு உட்கார்ந்தார். பலன் கிடைக்கவில்லை.

அவருடைய நோய் என்ன என்பது இன்றுவரை முடிவாகவில்லை. தென் அமெரிக்காவில் கடித்த பூச்சியால் வந்த சாகஸ் நோய், பதற்ற நோய், பால் ஒவ்வாமை என்று பல ஊகங்கள் உண்டு. எல்லாம் மனசுதான் என்று ஒரே வரியில் முடித்தவர்களும் உண்டு.

கண்ணாடிக்கு அப்பால் ஒரு பாம்பு

தன்னுடைய உடம்பு தன்னுடைய பேச்சைக் கேட்பதில்லை என்பதை டார்வின் ஒரு சோதனையாகவே செய்து பார்த்தார். லண்டன் உயிரியல் பூங்காவில், பஃப் ஆடர் என்ற ஆப்பிரிக்க விரியன் பாம்பு இருந்த பெட்டியின் தடித்த கண்ணாடியில் முகத்தை ஒட்டிவைத்தார். பாம்பு சீறி வந்தாலும் பின்வாங்கக் கூடாது என்று உறுதியாக முடிவெடுத்துக்கொண்டு நின்றார். பாம்பு சீறியது. அவ்வளவுதான், என்ன ஏது என்று யோசிக்கும் முன்பே ஓரிரு கெஜம் பின்னால் குதித்திருந்தார். கண்ணாடி உடையாது என்று தெரியும். அப்படி ஒரு ஆபத்தை அவர் வாழ்க்கையில் சந்தித்ததும் இல்லை. இருந்தும் அறிவும் மன உறுதியும் அங்கே வேலை செய்யவில்லை.

1872-ல் வெளியான, மனிதர்கள், விலங்குகளின் உணர்ச்சி வெளிப்பாடு பற்றிய நூலில் இதை அவர் எழுதினார். சிமுலேட்டரில் நடப்பதும் இதுதான். எதிரே இருப்பது வெறும் திரை என்று தெரியும். ஆனாலும் லாரி குறுக்கே வந்தால் கால் தானாக பிரேக்கைத் தேடுகிறது.

அதே நூலில் இன்னொரு கவனிப்பும் உண்டு. வழக்கத்தில் இல்லாத ஒன்றைத் தின்றுவிட்டோம் என்ற எண்ணமே சிலருக்கு வாந்தியை வரவழைத்துவிடுகிறது, அந்த உணவில் கெடுதல் எதுவும் இல்லாவிட்டாலும்கூட. தேவையில்லாததை வெளியே தள்ளும் திறன் நம் மூதாதையர்களுக்கு இருந்திருக்கலாம் என்று டார்வின் யோசித்தார். 1977-ல் ட்ரீஸ்மன் என்ற ஆய்வாளர், பரிணாம வழியிலேயே மோஷன் சிக்னஸுக்கு ஒரு விளக்கம் கொடுத்தார். விஷம் உள்ளே போனாலும் கண்ணும் காதும் ஒத்துப்போகாது. அதனால் அந்த முரண்பாட்டை மூளை விஷம் என்று புரிந்துகொண்டு வயிற்றைக் காலி செய்யச் சொல்கிறது என்றார். இதை எல்லோரும் ஏற்கவில்லை. ஆனால், டார்வினின் கப்பல் குமட்டலுக்கு டார்வினின் பாதையிலேயே ஒரு பதில் வந்தது.

அப்போ, எல்லாம் மனசுதானா?

இல்லை. உட்காது முற்றிலும் செயலிழந்தவர்களுக்குக் கடல் குமட்டல் வருவதில்லை என்பது நன்கு தெரிந்த உண்மை. ஆக, அடிப்படை உடம்பில்தான். ஆனால், அந்த அவதியைக் கூட்டுவதிலும் குறைப்பதிலும் மனசுக்குப் பங்கு இருக்கிறது.

1995-ல் இஸ்ரேல் கடற்படையில் பயிற்சி பெற்ற 25 பேரிடம் ஈடன், சூக் என்ற ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். உங்களுக்குக் குமட்டல் வர வாய்ப்பு குறைவு, வந்தாலும் வேலை பாதிக்காது என்று ஒரு பகுதியினருக்கு மட்டும் நம்பிக்கை கொடுத்தார்கள். அவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாக அவதிப்பட்டார்கள், வேலையையும் நன்றாகச் செய்தார்கள். 2007-ல் நடந்த இன்னொரு ஆய்வு இதற்கு நேர் எதிர்ப்பக்கம். விஆர் கருவியை மாட்டும் முன்பே தலை சுற்றுகிறதா, குமட்டுகிறதா என்று கேள்வித்தாள் கொடுக்கப்பட்டவர்கள், பின்னர் அதிக அவதியைச் சொன்னார்கள். வரும் என்று ஒருவரைக் காத்திருக்கவைத்தாலே கூடுதலாக வந்துவிடுகிறது. பிளிமத்தில் இரண்டு மாதம் படபடப்போடு காத்திருந்து, இரண்டு முறை திரும்பி வந்த 22 வயது இளைஞரை இங்கே நினைத்துப் பாருங்கள்.

சிமுலேட்டரில் ஏறும் முன்

* அன்று முழுக்க வாந்தி வருமோ என்று யோசித்துக்கொண்டிருக்காதீர்கள். காலி வயிறும் வேண்டாம், வயிறு முட்டவும் வேண்டாம்.

* முதல் நாளே ஒரு மணி நேரம் ஓட்ட நினைக்காதீர்கள். சில நிமிடங்களில் தொடங்கி, நாள் விட்டு நாள் கூட்டுங்கள். நேரான சாலை முதலில், வளைவுகள் பிறகு.

* வேடிக்கை பார்ப்பதைவிட நீங்களே ஓட்டுவது நல்லது. பார்வை தூரத்துச் சாலையில் இருக்கட்டும்.

* மூச்சைச் சீராக விடுவதும், பிடித்த பாட்டு ஓடுவதும் உதவுவதாக ஆய்வுகள் சொல்கின்றன.

* குமட்டல் ஏறத் தொடங்கினால் பல்லைக் கடித்துக்கொண்டு தொடராதீர்கள், நிறுத்திவிடுங்கள். அது முழுமையாகத் தெளியும்வரை நிஜ வண்டியை எடுக்காதீர்கள்.

* திரை இல்லாதபோதும் தலைசுற்றல் அடிக்கடி வந்தால் காது, மூக்கு, தொண்டை மருத்துவரைப் பாருங்கள். பிளிமத்தில் டார்வின் செய்ததுபோல மறைக்க வேண்டாம்.

கடைசி வருடம்

1881-ல், கடல் குமட்டலைப் பற்றி இர்வின் என்ற மருத்துவர் லான்செட் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். கப்பல் மட்டுமல்ல, எந்த அசைவும் இதைக் கொடுக்கலாம் என்று சொல்லி, மோஷன் சிக்னஸ் என்ற பெயரை முன்வைத்தார். புலன்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாததுதான் காரணம் என்ற விளக்கமும் அதில் இருந்தது. பீகிளின் பின்னறையில் என்ன நடந்தது என்பதற்கு ஒரு பெயர் கிடைக்க, கப்பல் கிளம்பிய நாளிலிருந்து 50 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அடுத்த ஆண்டு, 1882 ஏப்ரல் 19-ம் தேதி, 73 வயதில் டவுன் கிராமத்து வீட்டில் டார்வின் இறந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்தார்கள். உடம்பு சரியில்லாத நாள்களைக் கழித்துவிட்டு மிஞ்சிய நேரத்தில்தான் அவர் அத்தனை நூல்களையும் எழுதினார். சில நாள்களில் இரண்டு மூன்று மணி நேரம்தான் வேலை செய்ய முடிந்தது.

கப்பலிலேயே கற்ற பழக்கம்தான் அது. முடியாதபோது படுத்துக்கொள்வது, தெளிந்ததும் எழுந்து விட்ட இடத்திலிருந்து தொடங்குவது. அடுத்தமுறை சிமுலேட்டரில் தலை சுற்றி இறங்கும்போது யாராவது சிரித்தால், இந்தக் கதையை அவர்களுக்கு ஃபார்வர்டு செய்துவிட்டு, கொஞ்சம் தண்ணீர் குடித்து ஓய்வெடுங்கள். நாளைக்கு மறுபடி ஏறிக்கொள்ளலாம்.